வண்டியைப் பிடித்த சனி

தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்கு அண்மையில், சுரபி நதிக்கரையில் இருக்கிறது குச்சனூர். மற்ற ஸ்தலங்களில் நவக்கிரகங்களுள் ஒருவராக நிற்கும் சனீஸ்வர பகவான் இங்கே தாமே மூலவராக, சுயம்பு மூர்த்தியாக எழுந்தருளியிருக்கிறார். ஆடி மாதத்துச் சனிக்கிழமைகளில் கம்பம் பள்ளத்தாக்கே அங்கு திரண்டு வந்துவிட்டதோ என்று எண்ணும்படி ஜனங்கள் கூடுவார்கள். முன்னாளில் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். எள் தீபம் ஏற்றுகிறார்கள்; காகத்துக்கு அன்னமிடுகிறார்கள்; மனம் லேசாகி வெளியே வந்து வண்டியை உதைக்கிறார்கள். பல வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. சில வண்டிகள் மட்டும் அசைந்து கொடுப்பதில்லை.

அப்படி ஒரு வண்டி பிடிவாதம் செய்தால், அதைச் சுற்றி நான்கு வைத்தியர்கள் உடனே தோன்றிவிடுவார்கள். ஒருவர் பிளக்கை மாற்றச் சொல்வார். மற்றொருவர் பெட்ரோலிலேயே கலப்படம் என்பார். மூன்றாமவர், “தள்ளிப் பாருங்கண்ணே” என்று யோசனை கூறுவார். நான்காமவர் ஒன்றும் பேசாமல் கிக்கரை உதைக்க ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் களைத்த பிறகு, “வண்டிக்கும் சனி பிடிச்சிருச்சு போல!” என்று யாராவது ஒருவர் தீர்ப்புக் கூறுவார்.

சனி பகவானுக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு. ராசி மண்டலத்தை ஒரு முறை சுற்றிவர அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அவசரம் என்பதை அறியாதவர் அவர். கிளம்பாத மோட்டார் சைக்கிளின் முன் நிற்பவர் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நிதானத்தைத்தான். மற்றபடி யந்திரத்துக்குக் கிரக தோஷம் கிடையாது. அது கிளம்பாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. வரிசையாகத் தேடினால் அந்தக் காரணம் அகப்பட்டே தீரும். பெரும்பாலும் அது மிகச் சிறிய காரணமாகவும், அதை நீக்கும் செலவு அதைவிடச் சிறியதாகவும் இருக்கும். இதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடியற்காலைத் தொழில்கள்

இது பொழுதுபோக்கு விஷயமன்று. 1895-ஆம் ஆண்டு பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட நாளிலிருந்து இப்பள்ளத்தாக்கு நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சையுமாகச் செழித்திருக்கிறது. இங்குள்ள தொழில்களில் அநேகம் விடியற்காலையில் நடப்பவை. பால் கறந்தவர் குறித்த நேரத்துக்குள் பால் பண்ணைக்குச் சென்றாக வேண்டும். திராட்சை பறிப்போரும் வாழைத்தார் வெட்டுவோரும் வெயிலுக்கு முன் தோட்டத்தில் இருக்க வேண்டும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இருட்டோடு புறப்பட்டுவிடும். ஜீப்பு நிற்கும் இடம் வரை செல்வதற்கு வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிளைத்தான் நம்பியிருக்கிறார்கள். அது அரை மணி நேரம் மக்கர் செய்தால் அன்றைய கூலி போயிற்று. கறந்த பால் வீட்டிலேயே தங்கிப்போயிற்று.

இவ்வளவு முக்கியமான யந்திரத்தைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் அறிந்திருப்பதென்ன? பெட்ரோல் ஊற்றும் துவாரமும் சாவி போடும் துவாரமுந்தான்! வீட்டு மாட்டுக்கு நோய் கண்டால் நாக்கைப் பார்க்கிறோம், சாணத்தைப் பார்க்கிறோம், காதைத் தொட்டுப் பார்க்கிறோம். வண்டிக்கு நோய் கண்டால் மட்டும் கால் வலிக்க உதைத்துவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறோம்.

பிரித்துப் பார்த்த வாலிபர்

யந்திரம் என்றாலே சீமையிலிருந்து வந்த மாயம் என்று மிரண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்திலேயே மிரளாதவர் ஒருவர் கொங்கு நாட்டில் இருந்தார். கோயம்புத்தூர் ஜில்லா கலங்கலில் 1893-ஆம் ஆண்டு பிறந்த ஜி. டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுகிறதே என்று வியந்ததோடு அவர் நிற்கவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று ஓட்டல் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியை அக்கு அக்காகப் பிரித்து மீண்டும் பூட்டினார். பின்னாளில் பஸ் கம்பெனிகளும் மோட்டார் தொழிற்சாலைகளும் கண்ட அந்த மேதையின் முதற் பாடசாலை ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான்.

மற்றொரு வரலாறும் இங்கே நினைக்கத் தக்கது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் 1901-ஆம் ஆண்டு தம் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தவர்கள் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார். 1955-ஆம் ஆண்டு அவர்களும் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தாரும் கூடி என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகலாயின. 1970-களின் தொடக்கத்திற்குள் தாய்க் கம்பெனி மறைந்துவிட்டது. திருவொற்றியூரில் வளர்ந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. 1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்து கிராமம் கிராமமாகப் பரவியது. வண்டியைச் செய்யும் கைகள் நம்முடையவை ஆகிவிட்டன. அதைப் புரிந்துகொள்ளும் கண்கள் மட்டும் பிறருடையவையாக இருக்கலாமா?

மூன்றே தேவைகள்

எஞ்சினுக்குள் நடப்பது யாது? காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து சிலிண்டருக்குள் நுழைகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அக்கலவையை நெருக்குகிறது. நெருக்கம் உச்சத்தை அடையும் தறுவாயில் ஸ்பார்க் பிளக்கின் நுனியில் ஒரு மின்பொறி தோன்றுகிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஆகவே ஒரு பெட்ரோல் வண்டி கிளம்புவதற்குத் தேவையானவை மூன்றுதான்: சரியான கலவை, சரியான பொறி, சரியான அழுத்தம். மூன்றும் வேளை தவறாமல் கூடினால் எந்த வண்டியும் கிளம்பாமலிராது. கிளம்பாத வண்டியில் இம்மூன்றில் ஒன்று குறைந்திருக்கிறது என்று திண்ணமாகக் கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே சோதிக்க வேண்டும். ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக்கையும் காயிலையும் கார்புரேட்டரையும் சேர்த்து மாற்றினால் வண்டி கிளம்பக் கூடும். ஆனால் குற்றவாளி இன்னாரென்று தெரியாது; குற்றமற்ற இரண்டு சாமான்களுக்கும் சேர்த்துத் தண்டம் கட்டியதாக முடியும்.

காசில்லாத சோதனை

கருவிப் பையைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் வண்டியைப் பார்ப்போமாக. டேங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். முள் காட்டுவதை மட்டும் நம்பலாகாது. பெட்ரோல் குழாயுள்ள வண்டியானால் அது திறந்திருக்கிறதா, ரிசர்வில் வைக்க வேண்டிய நிலைமையா என்று பார்க்க வேண்டும். கைப்பிடியருகே எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தால் அதைப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் விளையாடிய பிள்ளைகளின் விரல் அதில் பட்டிருக்கலாம். சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் பல புதிய வண்டிகள் கிளம்ப மாட்டா. சில வண்டிகளில் கியர் விழுந்திருந்தால் கிளட்சைப் பிடித்தால்தான் செல்ப் வேலை செய்யும். இவ்வளவையும் பார்க்க ஒரு காசு செலவில்லை. ஆயினும் தள்ளித் தள்ளி வியர்த்துப்போன அநேகரின் வண்டியில் கோளாறு இந்த இடங்களில்தான் இருந்திருக்கிறது.

அடுத்து, சோக். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை. பனிக்காலத்து விடியலில் குவளைத் தண்ணீரில் கருப்பட்டி கரைய மறுப்பதைப் போன்றதே இதுவும். ஆகையால் கலவையில் பெட்ரோலைச் சற்று மிகுதியாக்குவதற்கே சோக் இருக்கிறது. காலையில் சோக்கைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் உதைக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் சோக் போட்டால் பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிடும். அப்படி ஓவர்ப்ளோ ஆகிவிட்டால் சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை உதைக்க வேண்டும். உள்ளே தேங்கிய பெட்ரோலைக் காற்று வெளியே அடித்துச் சென்றுவிடும்.

பொறியைத் தேடுவோம்

இவ்வளவிலும் கிளம்பவில்லையானால் பிளக்கைக் கழற்றலாம். கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் மண் சிலிண்டருக்குள் விழும். பிளக்கின் நுனி பேசும் மொழியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி நோய் விளங்கிவிடும். இளம் பழுப்பு நிறமானால் கலவை சரியாயிருக்கிறது. உலர்ந்த கரியாகப் படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது ஏர் பில்டர் தூசியால் அடைத்திருக்கிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை. பல முறை உதைத்தும் உலர்ந்தே இருந்தால் பெட்ரோலே வந்து சேரவில்லை. வெளுத்துக் காணப்பட்டால் பெட்ரோல் குறைந்து எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறது.

கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் பொறியை நேரிலும் பார்க்கலாம். பிளக்கை அதன் தொப்பியில் செருகி, உலோக உடல் எஞ்சினின் உலோகத்தில் நன்கு படும்படி வைத்து, ரப்பர்த் தொப்பியை மட்டும் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதிக்க வேண்டும். நீல நிறத்தில் ‘சட்’டென்று அடித்தால் பொறி பலமாயிருக்கிறது. மஞ்சளாக மங்கித் தெரிந்தால் பிளக்கோ, தொப்பியோ, காயிலோ தளர்ந்திருக்கிறது. பிளக்கின் இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், அநேகமாக 0.6 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நாள்பட்ட பிளக்கில் நுனி தேய்ந்து இடைவெளி அகன்றுவிடும். இச்சோதனையின்போது பிளக் துவாரத்தை விட்டு எட்டவே இருக்க வேண்டும். அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். பொறி அதைப் பற்றிக்கொண்டால் வண்டியோடு முகமும் போய்விடும். பீடி, சிகரெட்டுக்காரர்களை முதலில் அப்புறப்படுத்துவது உத்தமம்.

பெட்ரோலின் பாதை

பொறி பலமாயிருந்தால் அடுத்தது பெட்ரோல். டேங்க் மூடியில் ஊசி முனை போன்ற ஒரு காற்றுத் துவாரம் உண்டு. அது அழுக்கால் அடைபட்டால் வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே ஏறி, பிறகு வண்டி கிளம்பினால் நோய் அதுவே. டியூபைக் கழற்றிப் பிடித்தால் பெட்ரோல் தாராளமாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் வடிகட்டியில் துரு சேர்ந்திருக்கிறது.

கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்க்கலாம். அடியில் முத்து முத்தாகத் தங்குவது தண்ணீர். இந்நாளில் நம் தேசத்துப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கும் தண்ணீருக்கும் நெருங்கிய சிநேகம். சிறிதளவு தண்ணீரானால் அது பெட்ரோலோடு கலந்தே சென்றுவிடும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். ஆகையால் மழையில் நனையும் வண்டிக்கு டேங்க் மூடியின் ரப்பர் கிழியாமலிருப்பது அவசியம். மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியின் பழைய பெட்ரோலை வடித்துவிடுவதும் நன்று. கார்புரேட்டரின் நுண்துளைகளைக் கம்பியால் குத்துவது பெரும் பிழை. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் கலவை நிரந்தரமாகக் கெட்டுப்போகும். பெட்ரோலில் கழுவிக் காற்றடித்தாலே போதும்.

மௌனமான டாப்பெட்

மூன்றாவது, அழுத்தம். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஓரிடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கினால் அழுத்தம் கசிகிறது. பிளக் துவாரத்தில் சில துளி எஞ்சின் ஆயில் விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டி மறுபடி அழுத்திப் பார்க்கலாம். எதிர்ப்புக் கூடினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. கூடாவிட்டால் வால்வுகளில் கசிவு என்று ஊகிக்கலாம்.

வால்வு என்றதும் ஒரு வழக்கத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. “டாப்பெட் சத்தம் போடுது, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க தம்பி” என்று மெக்கானிக்கை வற்புறுத்துகிறவர்கள் அநேகர். டாப்பெட்டில் இருக்க வேண்டிய இடைவெளி மயிரிழைதான். ஆனால் அந்த மயிரிழை இருந்தே தீர வேண்டும். அதையும் நெருக்கிவிட்டால் வால்வு முழுதும் மூடாது, அழுத்தம் கசியும், வண்டி கிளம்பாது, நாளடைவில் வால்வும் கருகிவிடும். சத்தம் போடும் டாப்பெட் காதுக்கு மட்டுமே விரோதி. மௌனமான டாப்பெட்டோ எஞ்சினுக்கே விரோதியாகிவிடலாம்.

மலையும் சாரலும்

இப்பள்ளத்தாக்குக்கே உரிய காரணங்களும் சில உண்டு. ஆடியில் மேற்கு மலையைத் தாண்டி வரும் சாரல் கண்ணுக்குத் தெரியாமலே பிளக் தொப்பிக்குள் ஈரத்தைச் சேர்த்துவிடும். வாய்க்காலில் வண்டியை இறக்கிக் கழுவுவோருக்கும் இதே கதிதான். ஈரத்தின் வழியே மின்சாரம் வேறு பாதையில் ஓடிவிடும், பொறி பிறக்காது. தொப்பியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பதே இதற்கு மருந்து.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு இது தெரியாது. குறைந்த காற்றோடு வழக்கமான பெட்ரோலைக் கலந்துகொண்டேயிருக்கும், பிளக் கரியேறும், மலைமேல் வண்டி கிளம்பத் தயங்கும். அங்கே சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரைச் சிறிது திருகி உதைப்பதே நலம். மாட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு வேறொரு பகை உண்டு. அதுதான் எலி. ஒயரைக் கடித்துவிட்டு அது போய்விடும். பழி பாட்டரியின்மேல் விழும்.

புல்லட்டும் புதிய வண்டியும்

பழைய புல்லட்டை உதைப்பது ஒரு தனிக் கலை. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மிதித்தால் அம்மீட்டர் முள் இடப்பக்கம் சாயும். பிறகு நடுவுக்குத் திரும்பும். கிக்கர் இறுகி, முள் நடுவில் நிற்கும் அந்த இடத்தில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிது இறக்க வேண்டும். பிஸ்டன் உச்சியைக் கடந்துவிடும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, கடைசிவரை ஒரே மிதி. பலத்தைவிடப் பக்குவமே அங்கு பெரிது. பக்குவமறியாமல் முரட்டுத்தனமாக உதைத்தவர்களின் கணுக்காலை அந்த வண்டி திருப்பி உதைத்திருக்கிறது.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் அமலுக்கு வந்த பிறகு, புதிய வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்து, பெட்ரோலை அளந்து பீச்சும் முறை வந்துவிட்டது. இவற்றில் சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து இரண்டு விநாடி ‘உம்’ என்று பம்பு ஒலிக்க வேண்டும். ஒலி இல்லையேல் பியூஸையும் பாட்டரி முனைகளையும் முதலில் பார்க்க வேண்டும். முனைகளில் வெண்மையாகப் பூத்திருந்தால் துடைத்து இறுக்க வேண்டும். நல்ல பாட்டரி ஓய்விலிருக்கும்போது 12.6 வோல்ட் அளவு காட்டும். 12-க்குக் கீழ் இறங்கியிருந்தால் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பாட்டரி அடியோடு தீர்ந்த இவ்வகை வண்டியைத் தள்ளுவது பெரும்பாலும் வீண் உழைப்பு. பம்புக்கும் கணிதப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். எஞ்சின் படம் போட்ட விளக்கு அணையாமலிருந்தால் மெக்கானிக்கிடம் செல்வதே முறை.

மெக்கானிக்கைப் பழிப்பது நம் கருத்தன்று. கரி படிந்த கைகளோடு இரவு பகலாக ஊருக்கு உழைக்கும் அந்தச் சகோதரர்கள் இல்லாவிட்டால் பள்ளத்தாக்கின் பாதித் தொழில் நின்றுவிடும். “வண்டி கிளம்ப மாட்டேங்குது” என்று மட்டும் சொல்லும் ஆளைவிட, “பொறி நீலமா அடிக்குது, பிளக்கு உலர்ந்தே இருக்கு, குழாயில பெட்ரோல் சொட்டுச் சொட்டாத்தான் வருது” என்று சொல்லும் ஆளை அவர்களே விரும்புவார்கள். முன்னவரின் வண்டிக்கு அரை நாள். பின்னவரின் வண்டிக்கு அரை மணி. ஏமாற்ற நினைக்கும் ஒருவர் எங்கேனும் இருந்தால் அவருக்கும் இந்த வார்த்தைகள் ஒரு வேலிதான்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியின் பெட்டியில் பிளக் ஸ்பானர் ஒன்று, மாற்றுப் பிளக் ஒன்று, மாற்றுப் பியூஸ் ஒன்று, உலர்ந்த துணி ஒன்று இருக்கட்டும். பிளக் மாற்றிய தேதியையும் ஏர் பில்டர் துடைத்த தேதியையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, வீட்டுப் பிள்ளைகளை அருகில் உட்கார வைத்துப் பிளக்கைக் கழற்றிக் காட்டுங்கள். பையன்களை மட்டுமன்று, பெண் குழந்தைகளையும் கூப்பிடுங்கள். நாளைக்கு விடியற்காலை இருட்டில் அந்த வண்டியை உதைக்கப்போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.